சிப்காட் சர்வரில் மூலநிரலிலிருந்து பைதான்

லினக்ஸ் சர்வரில் ஒரு நிரல்மொழியை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. இயங்குதளத்தார் முன்பே கம்பைல் செய்து தரும் பேக்கேஜை யம், ஏபிடி போன்ற கருவிகளால் இறக்கிக்கொள்வது ஒரு வழி. மொழியை உருவாக்கியவர்கள் வெளியிடும் மூலநிரலைக் கொண்டுவந்து அந்தச் சர்வரிலேயே கம்பைல் செய்வது இன்னொரு வழி. முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவதற்கு முன்னேற்பாடும் பொறுமையும் வேண்டும். 2019 கோடையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த ஓர் உருக்காலையின் சர்வரில் பைதான் 3.7 இந்த இரண்டாம் வழியில்தான் நிறுவப்பட்டது. இக்கட்டுரையாளர் அப்போது அந்த ஆலையின் கணினிப் பிரிவில் இருந்தார். அந்த வேலை ஏன் தேவைப்பட்டது, எந்த வரிசையில் நடந்தது, அதன் பிறகு எப்படிப் பயன்பட்டது என்பதே இங்கே பதிவாகிறது.

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சென்ட்ரலில் புறப்படும் மின்சார ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக அங்கே போய்ச் சேரும். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகங்களில் இதுவும் ஒன்று. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் வார்ப்பாலைகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளூர்க்காரர்களோடு எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெலுங்கர்களும், ஒடிசா, பீகார் பக்கத்துத் தொழிலாளர்களும் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் இடம் இது.

அந்த ஆலையில் பழைய இரும்பை இண்டக்ஷன் ஃபர்னஸில் உருக்கிப் பில்லட் வார்த்தார்கள். ஒவ்வொரு முறை உருக்கிய இரும்புக்கும் ஒரு ஹீட் நம்பர் உண்டு. ஸ்கிராப் லாரி எடைமேடையில் ஏறியதிலிருந்து, பரிசோதனைக் கூடத்தில் கார்பன், மாங்கனீஸ், கந்தக அளவுகள் தெரியவரும் வரை அத்தனை தகவலும் அந்த எண்ணோடு சேர்ந்தாக வேண்டும். பிறகு ஒரு கம்பியைப் பற்றிப் புகார் வந்தால், அது எந்த ஹீட் என்று தேடிப் பிடிக்க இதைத் தவிர வேறு வழியில்லை. எடைமேடைக் கணக்கையும் ஹீட் பதிவுகளையும் வாயிற்சீட்டுகளையும் சேர்த்துவைத்த சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது.

சென்ட்ஓஎஸ் 7 வெளிவந்தது 2014 ஜூலையில். அதோடு வந்த பைதான் 2.7.5. கீடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைதான், 2008 டிசம்பரில் 3.0 என்ற புதிய கிளையாகப் பிரிந்தது. பழைய கிளைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடியும் என்று மொழியின் பொறுப்பாளர்கள் அறிவித்திருந்தார்கள். ஆலையின் பழைய நிரல்களைப் புதிய கிளைக்கு மாற்றியாக வேண்டிய நெருக்கடி அதனால் வந்தது.

தேதியை விடப் பெரிய காரணம் எழுத்து. பைதான் 2-இல் சாதாரண சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யுடிஎஃப்-8 முறையில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். பைதான் 3-இல் சரம் என்பது யூனிகோடு குறிகளின் வரிசை. அதே கேள்விக்கு விடை 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ் இலக்கணப்படி இருப்பது மூன்றெழுத்து. அந்த மூன்றைப் பெறுவதற்கு முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரி தேவை. வாயிற்சீட்டில் பெயரைக் குறிப்பிட்ட அகலத்துக்குள் அடக்க வேண்டியிருந்தபோது பைட்டுக் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து பாதியில் உடைந்து கட்டம் கட்டமாக அச்சாகும். தன் பெயர் பிழையின்றி அச்சாக வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொழிலாளிக்கு முழு உரிமை உண்டு. தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று நான்கு எழுத்துகளிலும் அந்த உரிமை காக்கப்பட வேண்டியிருந்தது.

பைதான் 3-லும் ஏன் 3.7 என்பதற்குத் தனிக் காரணம் இருந்தது. ஷிப்ட் முடிவில் அறிக்கை தயாரிக்கும் நிரல்களை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற கருவி தானாக இயக்கும். கிரான் இயக்கும்போது மொழிச்சூழல் பெரும்பாலும் ‘சி’ லொகேலாகவே இருக்கும். அந்தச் சூழலில் பைதான் 3.6 வெளியீட்டை ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். டெர்மினலில் கையால் ஓட்டினால் சரியாக வரும் அறிக்கை, இரவில் தானாக ஓடும்போது மட்டும் வராமல் போவதற்கு இதுவே காரணம். 2018 ஜூனில் வந்த 3.7, ‘சி’ லொகேலிலும் யுடிஎஃப்-8-க்குத் தானாக மாறிக்கொள்ளும்படி திருத்தப்பட்டிருந்தது. 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 7.7 தன் தொகுப்பில் பைதானைச் சேர்த்தபோதும் அது 3.6-ஆகத்தான் இருந்தது. ஒவ்வொரு நிரலிலும் லொகேலைத் தனித்தனியே அமைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அதை யாராவது ஒருவர் ஒரு நிரலில் மறந்தாலும் ஒரு ஷிப்டின் அறிக்கை போய்விடும்.

நிறுவும் வேலைக்கு முன்னால் ஒரு விதி வகுக்கப்பட்டது: இயங்குதளத்தோடு வந்த பைதானைத் தொடக்கூடாது. சென்ட்ஓஎஸ் 7-இல் யம் கருவியும், ஃபயர்வாலைக் கையாளும் கட்டளையும் பைதான் 2-இல் எழுதப்பட்டவை. ‘பைதான்’ என்ற பெயரில் இருக்கும் இணைப்பை நம்பியே அவை ஓடுகின்றன. திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஆலையில் அந்த இணைப்பைப் புதிய பைதானுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த முறை யம் இயக்கியபோது இலக்கணப் பிழை என்ற செய்தி மட்டும் வந்தது. பேக்கேஜ் எதையும் சேர்க்கவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை. இணைப்பைப் பழையபடி 2.7-க்குத் திருப்பியதும் சர்வர் சரியாயிற்று. இயங்குதளத்தின் பைதான் இயங்குதளத்துக்கு, ஆலையின் பைதான் ஆலைக்கு என்ற பிரிவினை கும்மிடிப்பூண்டியில் முதலிலேயே எழுதிவைக்கப்பட்டதற்கு அந்த அனுபவமே காரணம்.

அடுத்து முன்தேவைகள். பைதானின் உள்ளகம் சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே ஜிசிசி கம்பைலரும் மேக் கருவியும் வேண்டும். அவற்றோடு, பைதான் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். இவை சென்ட்ஓஎஸ்ஸில் ‘டெவெல்’ என்று முடியும் பெயரில் தனிப் பேக்கேஜ்களாக இருக்கும். டெபியனிலும், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் பெயர் ‘டெவ்’ என்று முடியும். லைப்ரரி சர்வரில் இருந்தாலும் அதன் டெவெல் பேக்கேஜ் இல்லையென்றால் பைதானின் அந்தப் பகுதி கம்பைல் ஆகாது.

எது எதற்கு என்று அறிந்து சேர்ப்பதே இங்கு முறை. இசட்லிப் இல்லையென்றால், பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியையே நிறுவ முடியாமல் வேலை கடைசிப் படியில் நின்றுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லையென்றால் பைதான் நிறுவப்படும், ஆனால் பாதுகாப்பான இணைப்பு எதையும் திறக்க முடியாது. லிப்எஃப்எஃப்ஐ இல்லையென்றால் சி லைப்ரரிகளை அழைக்கும் சிடைப்ஸ் வராது. பைதான் தன்னோடு இணைத்துத் தந்துவந்த லிப்எஃப்எஃப்ஐ நகலை லினக்ஸில் 3.7 முதல் நிறுத்திவிட்டதால், பழைய பதிப்புகளுக்கு எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றியவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறினார்கள். எஸ்கியூலைட், பிஇசட்2, எல்இசட்எம்ஏ, ரீட்லைன் ஆகியவற்றையும் சேர்த்துவிடுவது நல்லது. சென்ட்ஓஎஸ் 7-இல் எஸ்கியூலைட் 3.7.17 என்ற பழைய பதிப்பே உண்டு. ஜாங்கோ 2.2 என்ற வலைச் சட்டகத்துக்குக் குறைந்தது 3.8.3 வேண்டும். ஆலையின் தரவு முழுவதும் போஸ்ட்கிரஸில் இருந்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

ஆலையின் சர்வருக்கு நேரடி இணைய இணைப்பு கிடையாது. உற்பத்திக் கணக்கு இருக்கும் கணினியை வெளியுலகோடு இணைப்பதில்லை என்பது நிர்வாகத்தின் முடிவு. அதனால் டெவெல் பேக்கேஜ்கள் சென்ட்ஓஎஸ்ஸின் டிவிடியிலிருந்து எடுக்கப்பட்டன. பைதானின் மூலநிரல் மூட்டை அலுவலகக் கணினியில் இறக்கப்பட்டு, பென்டிரைவில் சர்வருக்கு வந்தது. அதன் எம்டி5 தொகை பைதான் தளத்தில் வெளியிடப்பட்ட எண்ணோடு ஒப்பிடப்பட்டது. வெளியீட்டாளரின் ஜிபிஜி கையொப்பமும் சரிபார்க்கப்பட்டது. எம்டி5 வழியில் கோப்பு சிதைந்ததா என்பதைத்தான் காட்டும். கோப்பு உரியவரிடமிருந்து வந்ததா என்பதைக் கையொப்பமே காட்டும். இரண்டையும் பார்த்த பிறகுதான் மூட்டை திறக்கப்பட்டது.

மூட்டையைப் பென்டிரைவிலேயே விரிக்கக் கூடாது. ஃபேட் முறையில் அமைந்த பென்டிரைவ் லினக்ஸின் இயக்க அனுமதிகளையும் இணைப்புகளையும் காப்பாற்றாது. சர்வரின் வட்டுக்கு நகலெடுத்து, சாதாரணப் பயனராக விரிப்பதே சரி. அதோடு சர்வரின் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையம் இல்லாத சர்வரில் நேரத்தைத் திருத்த யாரும் இருப்பதில்லை. மதர்போர்டின் பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது மூலநிரல் கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரிந்து, மேக் எச்சரிக்கைகளைக் கொட்டும். எதைக் கம்பைல் செய்வது, எதை விடுவது என்ற அதன் கணக்கும் தவறும்.

முதல் கட்டளை கன்ஃபிகர். இது கம்பைலர் இருக்கிறதா, எந்தெந்தத் தலைப்புக் கோப்புகள் இருக்கின்றன, சர்வரின் இயல்புகள் என்ன என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்கேற்ற மேக்ஃபைலை எழுதித் தரும். இதில் தரும் தேர்வுகளே நிறுவலின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. பிரிஃபிக்ஸ் என்ற தேர்வில் நிறுவும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஆலையில் ‘ஆப்ட்’ அடைவுக்குள் பதிப்பு எண்ணோடு ஒரு தனி அடைவு கொடுக்கப்பட்டது. வேண்டாமென்றால் அந்த ஒரு அடைவை நீக்கினால் போதும், மிச்சம் எதுவும் சர்வரில் சிதறிக் கிடக்காது. பகிர்வு லைப்ரரியாகக் கட்டும் தேர்வும் சேர்க்கப்பட்டது.

வேகத்துக்கான ‘ஆப்டிமைசேஷன்ஸ்’ தேர்வு விடப்பட்டது. அது பைதானை ஒரு முறை கட்டி, சோதனைகளை ஓட்டி, எந்தப் பகுதி அதிகம் பயன்படுகிறது என்று அளந்து, மறுபடியும் கட்டும். பிறந்துவரும் பைதான் வேகமாக ஓடும் என்பது உண்மை. ஆனால் கட்டும் நேரம் பல மடங்காகும். சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிசிசி 4.8.5 போன்ற பழைய கம்பைலரோடு அந்தத் தேர்வு சேரும்போது, ரன்பை என்ற பகுதியை ஏற்ற முடியவில்லை என்று கட்டுமானம் பாதியில் நிற்பதும் உண்டு. லாரி எடையைப் பதிவு செய்யும் நிரலுக்கு அந்தக் கூடுதல் வேகம் தேவைப்படவில்லை.

அடுத்தது மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய கருவியின் வழிவந்தது இது. ஒவ்வொரு மூலக் கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் மறுபடி கட்டுவது இதன் அடிப்படை. இந்தக் குணம் கும்மிடிப்பூண்டியில் நேரடியாகப் பயன்பட்டது. ஃபர்னஸ்கள் பெருமளவு மின்சாரம் இழுக்கும் வளாகத்தில் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் அன்றாட விஷயம். கம்பைல் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் சற்று நேரம் தாங்கியது. “தம்பி, ஜெனரேட்டர் எடுக்க நேரமாகும், சிஸ்டத்தை நிறுத்திடுங்க” என்று மின்பராமரிப்பு ஃபோர்மேன் வந்து சொன்னதும் சர்வர் முறைப்படி நிறுத்தப்பட்டது. மின்சாரம் திரும்பிய பின் அதே அடைவில் மறுபடியும் மேக் கொடுத்தபோது, முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியிலிருந்து வேலை தொடர்ந்தது.

மேக் முடியும்போது வரும் கடைசிச் சில வரிகளே முழு வேலையிலும் கவனமாகப் படிக்க வேண்டியவை. கட்டுமானம் வெற்றி என்ற செய்தியோடு, தேவையானவை கிடைக்காததால் கட்டப்படாத பகுதிகளின் பட்டியலும் அங்கே வரும். வெற்றி என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த கட்டளைக்குப் போய்விடுவோர் அந்தப் பட்டியலைத் தவறவிடுகிறார்கள். பல வாரம் கழித்து ஏதோ ஒரு நிரல் அந்தப் பகுதியைத் தேடும்போதுதான் குறை தெரியவரும். ஆலையில் எல்இசட்எம்ஏ அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்குரிய எக்ஸ்இசட் டெவெல் பேக்கேஜைச் சேர்த்து, கன்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்கிய பிறகே பட்டியல் சுத்தமாயிற்று.

நிறுவும் கட்டளைக்கு மட்டும் ரூட் அனுமதி தேவை. இங்கே ‘மேக் இன்ஸ்டால்’, ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது ‘பைதான்3’, ‘பிப்3’ என்ற பொதுப் பெயர்களையும் உருவாக்கும். இரண்டாவது ‘பைதான்3.7’ என்று பதிப்பெண்ணோடு கூடிய பெயரை மட்டும் உருவாக்கும். ஒரே சர்வரில் பல பதிப்புகள் வாழ வேண்டுமென்றால் ஆல்ட்இன்ஸ்டாலே சரி. எந்தப் பதிப்பைக் கூப்பிடுகிறோம் என்பது ஒவ்வொரு முறையும் பெயரிலேயே தெரியும்.

பகிர்வு லைப்ரரியாகக் கட்டியதால் இன்னொரு படி மீதமிருந்தது. புதிய பைதானை அழைத்தவுடன், அதன் லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். புதிய அடைவில் லைப்ரரி இருப்பது சர்வருக்கு இன்னும் தெரியாது என்பதே பொருள். அந்த அடைவின் பெயரை எல்டி அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதி, எல்டிகன்ஃபிக் கட்டளையை ஒரு முறை இயக்கினால் சரியாகிவிடும். அதன் பிறகு எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட், எல்இசட்எம்ஏ ஆகியவை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கப்பட்டன. நான்கும் பிழையின்றி வந்த பிறகே நிறுவல் முடிந்ததாகக் கொள்ளப்பட்டது.

மொழி நிறுவப்பட்ட பின், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கப்பட்டது. எடைமேடைக்கு ஒன்று, வாயிற்சீட்டுக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று. தேவையான பேக்கேஜ்கள் அலுவலகக் கணினியில் பிப் மூலம் கோப்புகளாக இறக்கப்பட்டு, பென்டிரைவில் வந்து, இணையத்தைத் தேடாதே என்ற தேர்வோடு நிறுவப்பட்டன. இரு கணினிகளிலும் பைதான் பதிப்பு ஒன்றாக இருந்தால்தான் சி பகுதிகள் கொண்ட பேக்கேஜ்கள் பொருந்தும். எடைமேடையின் காட்சிப்பெட்டி ஆர்எஸ்-232 சீரியல் வழியாக எடையை அனுப்பும். அதைப் பைசீரியல் என்ற பைதான் லைப்ரரி படித்துக்கொண்டது. அதற்கான பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்ததால் ரூட் அனுமதி தேவைப்படவில்லை. கிரானிலும் சிஸ்டம்டி கோப்புகளிலும் பைதானின் முழுப் பாதையும் எழுதப்பட்டது. அன்றிரவு கிரான் தானாக ஓட்டிய அறிக்கையில் நான்கு மொழிப் பெயர்களும் முழுமையாக வந்தன.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அன்று வழிகள் இருந்தன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடியில் கூடியது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் எழுதிவந்தது. தொழிற்சாலைக் கணினிப் பிரிவில் தனியாளாக இருப்பவருக்கு இவை பெரிய துணை. அங்கே கற்ற பழக்கங்களில் தலையாயது, கொடுத்த கட்டளைகளைக் காரணத்தோடு எழுதிவைப்பது. ஆலையிலும் ஒரு நோட்டில் கன்ஃபிகர் தேர்வுகள், சேர்த்த பேக்கேஜ்கள், மூட்டையின் எம்டி5 தொகை, வந்த பிழைகள், அவை தீர்ந்த விதம் எல்லாம் எழுதப்பட்டன.

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஃபர்னஸ்கள் நின்றிருந்த அந்த நாட்களில் சர்வரின் வட்டு பழுதானது. கணினிப் பிரிவினர் யாரும் ஆலைக்குப் போக முடியாத நிலை. வளாகத்தில் தங்கியிருந்த மின்பராமரிப்பு ஊழியர் ஒருவர், அந்த நோட்டைப் பார்த்தும் தொலைபேசியில் கேட்டும் மாற்று வட்டில் இயங்குதளத்தை ஏற்றி, பைதானை மூலநிரலிலிருந்து கட்டி, காப்புப்படியிலிருந்து தரவை மீட்டார். அவர் அதற்கு முன் எதையும் கம்பைல் செய்தவரில்லை. ஒவ்வொரு படிக்கும் நேராகக் காரணம் எழுதப்பட்டிருந்ததால், பிழை வந்தபோது எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

மூலநிரல் வழிக்கு ஒரு விலையும் உண்டு. பேக்கேஜாக வந்த மொழிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை இயங்குதளத்தார் தொடர்ந்து தருவார்கள். தானே கட்டிய பைதானுக்கு அந்தப் பொறுப்பு கட்டியவரையே சேரும். புதிய திருத்தம் வரும்போதெல்லாம் மூட்டையை மறுபடி கொண்டுவந்து கட்ட வேண்டும். அடித்தளம் பழையதாகும்போது அதுவும் கடினமாகும். 2021 அக்டோபரில் வந்த பைதான் 3.10-க்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இயல்பாக இருப்பது 1.0.2. பைதான் 3.7-க்கான ஆதரவு 2023 ஜூனிலும், சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-லும் முடிந்துவிட்டன. ஆகவே தேவையான பதிப்பு இயங்குதளத்திலேயே பேக்கேஜாகக் கிடைக்குமானால் அதை எடுத்துக்கொள்வதே முதல் தேர்வு. அது கிடைக்காதபோதும், கிடைப்பது தேவைக்குப் போதாதபோதும் மூலநிரல் வழி சரியானது.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள ஆலைகளில் இன்று கணினிப் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் ஒரு மொழியையாவது தம் கையால் மூலநிரலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். உற்பத்தி சர்வரில் வேண்டாம், ஒதுக்கிவைத்த ஒரு பழைய கணினியில் போதும். தாம் அன்றாடம் பயன்படுத்தும் மொழி எந்தெந்த லைப்ரரிகளின் மேல் நிற்கிறது என்பதை அந்த ஒரு வேலை கற்றுத் தரும். கட்டும்போது ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டளையையும் அதன் காரணத்தையும், அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதிவையுங்கள்.